ப்ளூ மவுண்டன்ஸ், 1813: மலையைக் கடந்தார்களா, பாதியில் திரும்பினார்களா?

முகட்டுவழி:
ஆஸ்திரேலியாவில் சிட்னியின் மேற்கே 25 வருஷம் ஆங்கிலேயர் குடியேற்றத்தை மறித்து நின்ற மலை இது. முன்னால் போனவர்கள் பெரும்பாலும் ஆற்றைப் பிடித்துக்கொண்டு கணவாய் தேடினார்கள். மணற்கல் மேட்டுநிலத்தில் அது பலிக்காது. பள்ளத்தாக்கு கடைசியில் செங்குத்துப் பாறையில் போய் முட்டும். 1802இல் பரல்லியே என்ற பயணி வழியை மறித்த அருவியைக் கண்டு திரும்பினார். பிளாக்ஸ்லாந்து, லாசன், வென்ட்வொர்த் என்ற குடியேறிகள் மூவரும்தான் 1813 மே 11 கிளம்பி, இரு பக்க ஆறுகளுக்கும் நடுவே முகட்டை விடாமல் போய் வழி கண்டார்கள்.

தொடுவானம்:
எங்கே கடந்தார்கள்? மே 31 அன்று மவுண்ட் பிளாக்ஸ்லாந்து என்ற குன்றோடு திரும்பிவிட்டார்கள். நீர்ப்பிரி மேடு, அதாவது ஆறுகள் கிழக்கும் மேற்கும் பிரியும் மேடு, அதற்கும் அப்பால். அதைத் தாண்டி மக்குவாரி ஆற்றை எட்டியவர் நில அளவையாளர் எவன்ஸ், அதே வருஷக் கடைசியில். பரிசு நிலம் மட்டும் அந்த மூவருக்கும் ஆளுக்கு 1,000 ஏக்கர்!

முகட்டுவழி:
எவன்ஸ் நடந்ததே இவர்கள் வெட்டிய தடத்தில்தான். 58 மைலுக்கு 21 நாள் ஏன் ஆனது? முதலில் சிலர் முன்னே போய் புதரை வெட்டி மரத்தில் அடையாளம் கொத்துவார்கள். கூடாரத்துக்குத் திரும்பி வந்து, மறுநாள்தான் நான்கு குதிரைகளையும் அந்தத் தடத்தில் ஓட்டுவார்கள். முகட்டில் புல் இல்லை. சுமையின் மேல் புல்லையும் கட்டவேண்டும். ஓரிடத்தில் 600 அடிப் பள்ளத்திலிருந்து தண்ணீர் தூக்கினார்கள். அதுவும் ஆட்களுக்கே பற்றவில்லை, அன்றிரவு குதிரைகளுக்குச் சொட்டு இல்லை. மலையின் மேற்கு விளிம்பிலுள்ள மவுண்ட் யார்க் இறக்கத்தில் குதிரை வழுக்காமல் இருக்க மண்வெட்டியால் சிறு பள்ளம் பறித்தார்கள்.

தொடுவானம்:
உழைப்பை யார் மறுத்தது? 'கண்டுபிடிப்பு' என்ற சொல்தான் உறுத்துகிறது. மேலிருந்து கீழே பார்த்தபோது பூர்வகுடிகளின் தீ தெரிந்தது என்று அந்த மூவரின் பயணக் குறிப்பிலேயே இருக்கிறது. குண்டுங்குரா, தாருக் மக்களுக்கு அந்த மலையில் பழகிய வழிகள் உண்டு. 1823இல் ஆர்ச்சிபால்ட் பெல் வடக்கே இன்னொரு முகட்டு வழியைக் 'கண்டது' தாருக் வழிகாட்டிகள் துணையோடு. இந்த மூவர் அப்படி யாரையும் அழைத்துப் போகவில்லை. கேட்டிருந்தால் 21 நாள் ஆகியிருக்குமா?

முகட்டுவழி:
சரி, 'கண்டுபிடிப்பு' வேண்டாம். ஆனால் மனிதன் நடக்கும் தடம் வேறு, சுமைக்குதிரையும் மாடும் போகும் தடம் வேறு. அவர்களுக்கு வேண்டியது மேய்ச்சல் நிலம். ஆள் மட்டும் போய்ச் சேர்ந்து என்ன பயன்? வில்லியம் காக்ஸ் 30 கைதிகளை வைத்து 1814 ஜூலையில் தொடங்கி ஆறே மாதத்தில் 101 மைல் சாலை போட முடிந்தது, முகட்டின் போக்கு முன்பே தெரிந்திருந்ததால்தான்.

தொடுவானம்:
அந்தச் சாலைக்கும் மவுண்ட் யார்க்தான் தலைவலி. அந்த இறக்கத்தில் பிரேக்குக்குப் பதிலாக வண்டிக்குப் பின்னால் மரத்தடியைக் கட்டி இழுக்கவிட்டார்கள். 1832இல் நில அளவையாளர் மிச்செல் விக்டோரியா பாஸ் என்ற புது இறக்கச் சாலையைத் திறக்கும்வரை வண்டிகள் படாதபாடு பட்டன. மேலே ஏறி நடந்ததற்கு உங்கள் மூவருக்கு முழு மதிப்பெண். இறங்க நல்ல இடம் பார்த்தார்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.