தீவில் குடியேறியவர்களுக்கு: ஈரம், உப்பு, கரண்ட், கிணறு, கப்பல் (பலரின் அனுபவப் பகிர்வு)

வெப்பமண்டலத் தீவுக்கு வேலையாகப் போகிறவர் முதல் வாரம் கடலைப் பார்ப்பார். மூன்றாம் மாதம் பீரோவின் முதுகைப் பார்ப்பார். அங்கே சாம்பல் பூத்த மாதிரி பூசணம் படர்ந்திருக்கும். வீட்டுக்காரரிடம் சண்டை போடுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள்.

28 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்பது அங்கே சாதாரண நாள். அந்தக் காற்றுக்குப் பனிநிலை ஏறத்தாழ 24 டிகிரி. அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பில் பட்டாலும் காற்றிலுள்ள நீர் துளிர்த்துவிடும். படுக்கையறை ஏசியை 20-இல் வைத்தால் நடுச்சுவரும் சேர்ந்து குளிரும். சுவரின் அந்தப் பக்கம் ஏசி இல்லாத அறை, அங்கே சுவரோடு ஒட்டிய பீரோ. காற்று ஓடாத அந்த இடுக்கில் சுவர் வியர்க்கும், மரம் குடிக்கும், பூசணம் பிடிக்கும். ஓதம் தரையிலிருந்து ஏறியது என்று நினைத்துச் சுவரைக் கொத்திப் பார்ப்பவர்களும் உண்டு.

செய்ய வேண்டியது: ஏசி 25 அல்லது 26. பீரோ சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி. ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் அறைக்கு ஒன்று. அது 60-க்குக் கீழே நின்றால் பூசணம் தலைகாட்டாது. பெரிய ஏசி நல்லது என்று அறைக்கு மிஞ்சியதைப் போடாதீர்கள். அது சட்டென்று குளிரவைத்துவிட்டு நின்றுவிடும், ஈரத்தை இழுக்க அதற்கு நேரமே கிடைக்காது. நின்ற பிறகும் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தால் ஏசியின் குளிர்ச்சுருளில் (காயில்) தேங்கிய தண்ணீர் மறுபடி அறைக்குள்ளேயே ஆவியாகும். ஃபேனை ஆட்டோவில் விடுங்கள்.

வந்துவிட்ட பூசணத்தை உலர்ந்த துணியால் தட்டாதீர்கள், வித்து வீடு முழுக்கப் பறக்கும். முகக்கவசம் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, வெயிலில் காயவையுங்கள். ப்ளீச்சையும் வினிகரையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

* * *

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். "ராத்திரி ஜன்னலைத் திறந்து வை, காற்றோட்டம் வரும்" என்று எல்லோரும் சொல்வார்கள். ஈரப்பதம் உச்சத்தில் இருப்பதே விடியற்காலையில்தான், 90-ஐத் தாண்டும். அந்த நேரத்தில் திறந்து வைத்தால் மெத்தை, புத்தகம், துணி எல்லாம் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். வெயில் ஏறிய பிறகு, பதினொரு மணியிலிருந்து மூன்று மணிக்குள் திறந்து, எதிரெதிர் ஜன்னலில் காற்று பாய விட்டு, பிறகு சாத்துவதே சரி. மழை நாளில் திறக்கவே வேண்டாம்.

செருப்பு விஷயம் பலருக்குத் தெரியாது. பாலியூரித்தேன் அடிப்பாகம் கொண்ட ஷூ, போடாமல் பெட்டியில் வைத்தாலும் சூடும் ஈரமும் சேர்ந்து வேதியியலாகவே சிதையும். சில வருடம் கழித்து எடுத்து நடந்தால் அடிப்பாகம் பிஸ்கட் போல நொறுங்கும். பத்திரப்படுத்தியது குற்றமல்ல, பொருள் அப்படி. தீவுக்கு ரப்பர் அல்லது ஈ.வி.ஏ. (நுரை போன்ற மென்பிளாஸ்டிக்) அடிப்பாகம் பார்த்து வாங்குங்கள்.

கேமரா, ஹார்டு டிஸ்க், சான்றிதழ்: ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப்புகா டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஜெல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரைதான் நீரை இழுக்கும். நிறம் மாறியதும் 120 டிகிரி அடுப்பில் இரண்டு, மூன்று மணி நேரம் வைத்து மறுபடி பயன்படுத்தலாம். லென்ஸுக்கு 40 முதல் 50 சதவீத ஈரப்பதம் போதும், அதற்கும் கீழே இறக்க வேண்டாம். ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பாவைப் பீரோவில் தொங்கவிடுபவர்கள் கீழே தேங்கும் நீரைக் கவனியுங்கள். அது உப்புக் கரைசல். தோல் பையில் சிந்தினால் பை போச்சு.

கடை ரசீதைத் தனியாகச் சொல்கிறேன். சூட்டில் அந்த வெப்பத்தாள் அச்சு மங்கிவிடும். உத்தரவாதம் கேட்கப் போகும்போது கையில் வெள்ளைத்தாள்தான் இருக்கும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள்.

* * *

துரு பற்றி யாரும் எழுதவில்லையே. "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்" என்று போட்டிருப்பதை நம்பி ஏமாறாதவர் இல்லை. சமையலறைப் பாத்திரம், கீல், திருகு என்று வருவதில் பெரும்பாலும் 304 வகை. கடலோரத்தில் அதன்மேல் டீக்கறை மாதிரி பழுப்பு படியும். வெளியில் மாட்டுவதற்கு 316 கேளுங்கள். அதில் இரண்டு, மூன்று சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் இருப்பதால்தான் உப்பைத் தாங்குகிறது. அலுமினிய ஜன்னலில் இரும்புத் திருகு போட்டால் உப்புநீர் இரண்டுக்கும் நடுவே பேட்டரி போல வேலை செய்து, திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும். அலுமினியம்தான் அரிபடுகிறது. நடுவே நைலான் வாஷர் கொடுத்தால் தள்ளிப்போகும்.

கூரை இறவாரத்தின் அடியில் மழை படாமல் இருக்கும் பொருள்தான் முதலில் துருப்பிடிக்கும். வியப்பாக இருக்கும், ஆனால் திறந்த வெளியில் உள்ளதை மழை கழுவிவிடுகிறது, இறவாரத்தடியில் உப்பு தங்குகிறது. ஆகவே மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டியது நிழலில் உள்ளதைத்தான்: ஏசியின் வெளி யூனிட், சைக்கிள் சங்கிலி, கேட்டின் கீல், வண்டியின் அடிப்பாகம். ஏசியைக் கழுவுமுன் மெயின் சுவிட்சை அணையுங்கள். வேகமான நீர்ப்பீச்சு வேண்டாம், யூனிட்டின் மெல்லிய உலோக இதழ்கள் மடங்கிவிடும்; தோட்டத்துக் குழாயே போதும்.

பிளாஸ்டிக் துணிக் கிளிப்பையும் இந்தக் கணக்கில் சேருங்கள். வெயில் அதைத் தூளாக்கிவிடும்.

* * *

கரண்ட். ஊரிலிருந்து சாமான் கொண்டுபோகிறவர்கள் வோல்ட்டை மட்டும் பார்க்கிறார்கள். போகும் தீவு 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸா, 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸா என்று வோல்ட், ஹெர்ட்ஸ் (மின் அதிர்வெண்) இரண்டையும் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60-க்கு செய்த மோட்டார் 50-இல் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், கூடவே சூடேறும். ஃபேன், வாஷிங் மெஷின் போன்றவை இதில்தான் மாட்டும். போன், லேப்டாப் சார்ஜரில் 100–240 என்று இருந்தால் பிளக் மாற்றினால் போதும்.

டீசல் மின்நிலையத்தில் ஓடும் சின்னத் தீவுகளில் கரண்ட் போவதைவிட வருவது ஆபத்து. வரும்போது வோல்ட் தடுமாறும், எல்லா வீட்டு ஃபிரிட்ஜும் ஒரே நேரத்தில் இழுக்கும். போனவுடன் ஃபிரிட்ஜ், ஏசி சுவிட்சை அணைத்து, வந்த பிறகு ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுங்கள். அல்லது அதைத் தானே செய்யும் ஸ்டெபிலைசர் மாட்டுங்கள்.

ஃபிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் நான்கு மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி, பாதி நிறைந்தது 24 மணி. ஊருக்குப் போகும்போது ஒரு கிண்ணத் தண்ணீரை உறையவைத்து அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து பார்க்கையில் நாணயம் அடியில் கிடந்தால், உள்ளே இருந்ததெல்லாம் ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருக்கிறது. தூக்கி எறியுங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரியைக் கூரைத் தகரத்துக்கு அடியில் வைக்கிறார்கள். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். வீட்டிலேயே குளுமையான, காற்று வரும் மூலை எதுவோ அதை அதற்குக் கொடுங்கள். ஜெனரேட்டர் மட்டும் வீட்டுக்குள்ளும் வராந்தாவிலும் கூடவே கூடாது. ஜன்னலிலிருந்து 6 மீட்டராவது தள்ளி. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

* * *

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் தீவில் மற்றதெல்லாம் சங்கடம், இது பிழைப்பு.

பவளத் தீவு, மணல் தீவுகளில் நிலத்தடி நன்னீர் ஒரு வில்லை (லென்ஸ்) போல கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை அது இறங்கியிருக்கும் என்பது பழைய கணக்கு. இதைத் திருப்பிப் பாருங்கள்: மோட்டார் போட்டு நீர்மட்டத்தைப் பத்து சென்டிமீட்டர் இறக்கினால், அடியிலிருந்து உப்பு நான்கு மீட்டர் மேலே வரப் பார்க்கும். உடனே வராது, ஆனால் வரும். எனவே "கிணறு உப்புக் கரிக்கிறது, இன்னும் ஆழமாகத் தோண்டு" என்பது தீவில் தலைகீழ் யோசனை. ஆழப்படுத்தினால் உப்புக்கு நெருங்குகிறீர்கள். சின்ன மோட்டார், கொஞ்ச நேரம், இடைவெளி விட்டு, நீர்ப்பரப்பின் மேலிருந்து எடுப்பதுதான் வழி. டி.டி.எஸ். மீட்டர் (நீரில் கரைந்த உப்பு முதலியவற்றை அளப்பது) ஒன்றை வாங்கி வாரம் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். எண் ஏறத் தொடங்கினால் நாக்கு கண்டுபிடிக்கும் முன்பே மோட்டாருக்கு ஓய்வு கொடுக்கலாம். ஒருமுறை உப்பேறிய வில்லை தேற மழைக்காலம் முழுக்கத் தேவைப்படலாம்.

கழிவுநீர்த் தொட்டியும் கிணறும் எவ்வளவு தூரம் என்பதை வாடகை பேசுவதற்கு முன் கேளுங்கள். மணலில் நீர் வேகமாக ஓடும்.

மழைநீர் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரை, 10 மில்லிமீட்டர் மழை: ஆயிரம் லிட்டர். சிந்தியது போக எண்ணூறு கிடைக்கும். முதலில் இறங்குவது பறவை எச்சமும் பல்லிப் புழுக்கையும் உப்பும் கலந்த தண்ணீர். அந்தக் கூரைக்கு முதல் ஐம்பதிலிருந்து நூறு லிட்டரைத் தனிக் குழாயில் வாங்கி வெளியேற்ற வேண்டும். அந்தக் குழாயின் அடியில் சொட்டும் துளை அடைத்துக்கொண்டால் அடுத்த மழைக்கு அது நிறைந்தே நிற்கும், அழுக்கெல்லாம் நேரே தொட்டிக்குப் போகும். பெரும்பாலான வீடுகளில் கெட்டுப்போவது இந்தத் துளைதான், தொட்டியல்ல.

தொட்டி ஒளி புகாததாக இருக்கட்டும், இல்லையென்றால் பாசி. நுழைவாய், வழிகுழாய் இரண்டிலும் ஒரு மில்லிமீட்டருக்கு மிகாத கண்ணுள்ள வலை. வழிகுழாயில் வலை வைக்க மறப்பவர்கள்தான் கொசு எங்கிருந்து வருகிறது என்று தேடுவார்கள்.

குடிக்கக் கொதிக்கவைப்பது உத்தமம். எரிபொருள் இல்லாதபோது வாசனை சேர்க்காத 5–6 சதவீத ப்ளீச், லிட்டருக்கு இரண்டு சொட்டு, கலக்கி அரைமணி நேரம். கலங்கலாக இருந்தால் வடிகட்டிவிட்டு நான்கு சொட்டு. வெப்பத்தில் ப்ளீச் வீரியம் இழக்கும். போன வருடத்துப் பாட்டிலை நம்பாதீர்கள்.

* * *

மருந்து பற்றி சுருக்கமாக. இன்சுலின் திறந்த பிறகு 30 டிகிரிக்குக் கீழே வெளியில் வைக்கலாம் என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். தீவில் பகலில் அறையே அதைத் தாண்டும். மண்பானையில் வைக்கும் உபாயம் வறண்ட ஊரில் பலிக்கும், இங்கே பலிக்காது. காற்றே ஈரமாக இருக்கும்போது பானையில் நீர் அதிகம் ஆவியாகாது, போதிய அளவு குளிராது.

காய்ச்சல் வந்து டெங்கு சந்தேகம் இருந்தால் பாராசிட்டமால் மட்டும். ஐபூபுரோஃபென், ஆஸ்பிரின் ரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் விட்ட பிறகு வரும் ஒன்றிரண்டு நாள்தான் கண்காணிக்க வேண்டிய நாள்: வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம் இருந்தால் ஆஸ்பத்திரி. டெங்கு பரப்பும் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் முட்டை ஒட்டும். தண்ணீரைக் கொட்டினால் போதாது, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். காய்ந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

பாறைத்திட்டு மீன், அதிலும் பெரிய சீலா, பெரிய களவா வேண்டாம். அவற்றின் உடலில் சேரும் சிகுவாட்டெரா நஞ்சு கொதித்தாலும் உறைந்தாலும் போகாது, மணத்திலும் ருசியிலும் தெரியாது. குளிர்ந்த பொருளைத் தொட்டால் சுடுவது போலிருப்பது அதன் அடையாளம்.

* * *

கடைசியாக, கப்பல். கடலில் காற்று எழுந்தால் கப்பல் ஒரு வாரம் தள்ளும், சமயத்தில் இரண்டு. அரிசி பருப்பைவிட உதிரிபாகத்தை முன்கூட்டி வாங்கி வையுங்கள்: மோட்டார் கப்பாசிட்டர், ஃபில்டர், வாஷிங் மெஷின் பெல்ட், குழாய் வாஷர், கேஸ் ரெகுலேட்டர் ரப்பர். பாகத்தின் எண்ணைப் போட்டோ எடுத்து வைத்தால் தவறான அளவு வந்து இன்னொரு கப்பலுக்குக் காத்திருக்க வேண்டாம். மரப்பெட்டியில் சாமான் அனுப்பினால் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியதற்கான ஐ.எஸ்.பி.எம். 15 (மரத்தோடு பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச விதி) முத்திரை மரத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் துறைமுகத்திலேயே நிற்கும்.

அதைவிடப் பெரிய தொல்லை ஊர் சிம். வங்கி ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். ரீசார்ஜ் விட்டுப்போனால் எண் வேறொருவருக்குப் போய்விடும், அதை மீட்க நேரில் வரச் சொல்வார்கள். கிளம்புவதற்கு முன் வங்கிச் செயலியிலேயே அனுமதி கொடுக்கும் வசதியைப் போட்டு, வீட்டில் ஒருவரிடம் ரீசார்ஜ் தேதியைச் சொல்லிவிட்டுப் போங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் பல நாடுகள் உள்ளே விடாது. தீவிலிருந்து புதுப்பிக்கத் தூதரகம் பக்கத்துத் தீவில் இருக்கலாம், அதற்கும் கப்பல்தான்.

இத்தனையும் படித்துப் பயந்தவர்களுக்கு: நிலநடுக்கோட்டை ஒட்டிய தீவில் வருடம் முழுக்க ஆறு மணியையொட்டி விடியும், ஆறையொட்டி இருட்டும். ஜனவரியிலும் ஜூலையிலும் வேலை விட்டதும் ஒரே அளவு வெளிச்சம் மிச்சமிருக்கும். அந்தி மட்டும் சட்டென்று முடிந்துவிடும், டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள்.

* * *

முதலில் எழுதியதில் ஒரு திருத்தம். பீரோவை நான்கு விரல் தள்ளி வைத்தால் மட்டும் போதாது, காலுக்குக் கீழே அரைச் செங்கல் உயரமும் கொடுங்கள். அடியில் புகுந்து பின்னால் ஏறும் காற்றுதான் சுவரைக் காயவைக்கும்.