விரை நீக்கிய ஆண் தவளை: டெஸ்டோஸ்டிரோன் வைத்தும் கத்தவில்லையே, ஏன்?

கேள்வி (முதுகலை_விலங்கியல்)
ஆப்பிரிக்க நகத்தவளை (ஸெனோபஸ் லேவிஸ்) ஆண்களுக்கு விரை நீக்கி, தோலுக்கடியில் டெஸ்டோஸ்டிரோன் அடைத்த சிலாஸ்டிக் (சிலிக்கோன் ரப்பர்) குழாய் வைத்திருக்கிறோம். ரத்த அளவு சரி. ஆனால் பெண்ணைத் தொட்டியில் விட்டாலும் சத்தமே இல்லை. டோஸை ஏற்றலாமா?

பதில் (நாளமில்லி)
ஏற்றாதீர்கள், பயனில்லை. ஆண்ட்ரோஜன் (டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன்) குரல்வளைத் தசையையும் மூளையின் குரல் சுற்றையும் தயார்நிலையில் வைக்கிறது. கத்தச் சொல்லித் தூண்டுவதில் பிட்யூட்டரி சுரப்பி விடும் எல்.எச். (லூட்டினைசிங் ஹார்மோன்) என்பதற்கும் பங்குண்டு, மூளையிலேயே அதற்கு ஏற்பிகள் இருக்கின்றன. அதனால் ஆண்ட்ரோஜன் மட்டும் கொடுத்தால் பழைய அளவுக்குக் கத்தாது. எல்.எச்.சுக்குப் பதிலாக, அதைப் போலவே வேலை செய்யும் எச்.சி.ஜி. ஹார்மோனை ஊசியில் போடுங்கள்: முந்தைய மாலை 100 ஐ.யூ. (சர்வதேச அலகு), பதிவுக்குச் சில மணி நேரம் முன்பு இன்னொரு 100. ஊசி போடும் இடம் முதுகு நிணப்பை (முதுகுத் தோலுக்கடியில் நிணநீர் இருக்கும் பை). உடலின் பக்கவாட்டில் தையல் போட்டதுபோல் தெரியும் பக்கக்கோட்டுப் புள்ளிகளுக்கு உள்பக்கம், பின்னங்காலுக்குச் சற்று மேலே. ஊசியை உடனே உருவினால் மருந்து வெளியே கசிந்துவிடும், சில நொடி பொறுங்கள். கரைத்த எச்.சி.ஜி. குளிர்பெட்டியில் இருந்தாலும் வீரியம் இழக்கும். மருந்து போட்டும் பலன் இல்லையென்றால் முதலில் அந்தக் குப்பியைத்தான் சந்தேகிப்பேன்.

பதில் (நீரடி_ஒலி)
எதை வைத்துக் கேட்கிறீர்கள்? இந்தத் தவளை நீருக்கடியில், வாயை மூடியபடி, காற்றை வெளிவிடாமலே 'டிக்' ஒலிகளை எழுப்பும். தொட்டிக்கு மேல் காது வைத்து முடிவு செய்யக்கூடாது, ஹைட்ரோபோன் (நீருக்கடி ஒலிவாங்கி) கட்டாயம். அழைப்பொலியில் நொடிக்குச் சுமார் 60 டிக் வரும் வேகப் பகுதியும், 30 வரும் மெதுவான பகுதியும் மாறி மாறி வரும்.

இன்னொன்று, பெண்ணுக்கும் எச்.சி.ஜி. போட்டீர்களா? இணையத் தயாராகாத பெண் மிக மெதுவாக 'டிக்… டிக்' என்று ஒலிக்கும். அதைக் கேட்ட ஆண் அடங்கிவிடும். தயாரான பெண் சற்று வேகமாகத் தட்டும். அது ஆணை இன்னும் கத்தத் தூண்டும். ஒரே தொட்டியில் இந்த வித்தியாசம் முடிவையே புரட்டிப்போடும்.

பதில் (மரத்தவளை)
மேலே சொன்னதோடு, பிடித்துத் தூக்குவதையும் குறையுங்கள். தவளைகளில் கார்ட்டிகோஸ்டீரோன் என்ற அழுத்த ஹார்மோன் ஏறும்போது ஆண்ட்ரோஜன் சரிந்து கத்துவது நிற்கும் என்பது உயிரியலாளர் எமர்சன் 2001-இல் முன்வைத்த விளக்க மாதிரி. உங்கள் குழாய் ஆண்ட்ரோஜனைத் தாங்கிப் பிடித்தாலும், மிரண்ட விலங்கு கத்தாது. ஊசிக்குப் பின் இருட்டில், அசையாத தொட்டியில் விடுங்கள்.

யாராவது வாசோடோசின் என்ற மூளை ஹார்மோனைப் போடச் சொன்னால் அவசரப்பட வேண்டாம். வட அமெரிக்கப் பச்சை மரத்தவளையில் அது நன்றாகக் கத்தவைக்கிறது, ஆண்ட்ரோஜன் உடலில் இருந்தால் மட்டும். அந்த முடிவை நகத்தவளைக்கு அப்படியே பொருத்த முடியாது.