தொரத்துன அரக்கன் எங்க போவும்? டியூஷன் பசங்க கேட்ட கேள்வி

வியாசை டியூஷன் அக்கா:
வியாசர்பாடில வீட்டு மாடில சின்ன பசங்களுக்கு டியூஷன் எடுக்குறேன், அப்பப்ப சனிக்கிழமைல வெளிநாட்டு பண்டிகை எதுனா செஞ்சு காட்டுறது வழக்கம். இந்த தடவ ஜப்பான்காரங்களோட செட்சுபுன். பிப்ரவரி 3 வாக்குல வரும், அவங்க கணக்குல வசந்தம் பொறக்குறதுக்கு மொத நாள், வறுத்த சோயா பயறை வீசி "அரக்கனே வெளிய போ, அதிர்ஷ்டமே உள்ள வா"ன்னு கத்துவாங்க, வீட்ல பெரும்பாலும் அப்பா தான் ஓனி (அவங்க ஊரு அரக்கன்) முகமூடி மாட்டிக்கினு அடி வாங்குவாரு. சொல்லி முடிக்கல, மூணாவது படிக்கிற வாண்டு ஒண்ணு "எல்லா வூட்லயும் தொரத்தினா அது எங்கக்கா போவும், பாவம்ல"ன்னுச்சு. அவ்ளோ தான், இப்ப ஒருத்தரும் வீச மாட்டோம்ன்றாங்க. ஜப்பான்ல இதை யாருமே யோசிக்கலயா?

காசிமேட்டுக்காரன்:
யோசிச்சிருக்காங்கக்கா, அந்த வாண்டு கேட்டதுக்கு நேரா பதிலே இருக்கு. நாரா பக்கம் யோஷினோ மலைல கின்புசென்ஜின்னு ஒரு கோயில், அங்க "அதிர்ஷ்டமும் உள்ள வா, அரக்கனும் உள்ள வா"ன்னு தான் கூப்டுவாங்க. நாடு பூரா தொரத்துன ஓனிங்க எல்லாம் அங்க தான் வந்து சேருதாம், புத்தர் வழிக்கு கொண்டாந்து திருத்தி வுட்றாங்க. டோக்கியோல கபுகிச்சோ பக்கத்துல கியோஓ கோயில்லயும் அரக்கனை உள்ள தான் கூப்புடுவாங்க.

மணலி மச்சான்:
இதுல இன்னாபா கருணை கீது? கின்புசென்ஜிலயும் பயறு வீசத்தான் செய்றாங்க. நம்ம இடும்பன் கதை தான், மொதல்ல முருகன் கையால சாவு, அப்புறம் உயிர் குடுத்து வாசல்ல காவல் வேலை. வேலைக்கு ஆள் எடுக்குறது வேற, பாவம் பாக்குறது வேற.

காசிமேட்டுக்காரன்:
மச்சான், அந்த கோயிலை ஆரம்பிச்சதா சொல்ற 'என் நோ கியோஜா'ன்ற துறவியோட கதைய கேளு. ஜென்கி, கோகின்னு புருஷன் பொண்டாட்டி ஓனி ரெண்டு பேரு, ஊர்க்கொழந்தைங்கள தூக்கினு போய் தின்னுச்சுங்களாம். இவரு இன்னா பண்ணாரு, அதுங்களோட கடைசிப் புள்ளைய ஒரு இரும்பு பாத்திரத்துக்குள்ள ஒளிச்சி வெச்சிட்டாரு. தேடித்தேடி அழுதப்புறம் தான், நம்ம தின்ன கொழந்தைங்களுக்கும் பெத்தவங்க இருக்காங்கன்னு ஒறச்சிருக்கு. அப்புறம் சீடனா கூடவே இருந்துச்சுங்க, ஒண்ணு கைல கோடாலி ஒண்ணு கைல தண்ணி குடம். அதுங்க வம்சம்னு சொல்லிக்கிற ஒரு குடும்பம் இன்னிக்கும் அந்தப் பக்கத்து ஓமினே மலைங்கள்ல யாத்திரை போறவங்களுக்கு சத்திரம் நடத்துது. பொண்டாட்டி புள்ளையோட குடும்பமா இருக்குறவனை வெறும் அரக்கன்னு எப்டிபா தள்றது, கொழந்தைய ஒளிக்கிறது மட்டும் எனக்கும் கொஞ்சம் கொடூரமா தான் படுது.

பெரம்பூர் லோகோ:
நாரிதா சான் கோயில்ல "அரக்கனே வெளிய போ"ன்னே சொல்ல மாட்டாங்க, அங்க இருக்குற ஃபுடோ சாமி அரக்கனையும் திருத்தி ஏத்துக்குவாருன்னு நம்பிக்கை. அக்கா, அதவிட முக்கியமா ஒண்ணு. 5 வயசும் அதுக்கு கீழயும் இருக்குற புள்ளைங்களுக்கு கெட்டி பயறு குடுக்காதீங்கன்னு ஜப்பான் அரசாங்கமே சொல்லுது, மூச்சுக்குழாய்ல மாட்டிக்கும். ஹொக்கைடோ பக்கம் தோலோட வேர்க்கடலைய தான் வீசுவாங்க, தரைல விழுந்தாலும் பொறுக்கி உரிச்சி தின்னலாம்.

வியாசை டியூஷன் அக்கா:
தோல் கடலை சூப்பர், வாண்டுங்களுக்கு மட்டும் தர மாட்டேன். கோகி கதைய சொன்னேன், அந்த புள்ளைய திருப்பி குடுத்தாரா இல்லையான்னு ஆளாளுக்கு கேக்குறாங்க, குடுத்துட்டாருன்னேன். இப்ப வீசுறதுக்கு ரெடி, ஆனா "உள்ள வா"ன்னு கத்திக்கினே தான் வீசுவாங்களாம்.