பதில்: ஃபுல் ஃபிரேம் – 'முழுச்சட்டகம்' வேண்டாம், 'முழுக்கட்டம்' எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம். கமெராவுக்குள் படம் விழுகிற உணரி (சென்சர்) பழைய பிலிமின் ஒரு படத்தளவுக்கு இருந்தால் அதை ஃபுல் ஃபிரேம் என்கிறோம். நம் படமெடுப்புக் கைநூலில் அதற்கு என்ன தமிழ் என்பதுதான் பேச்சு. உங்களில் ஒருவர் எழுதியது:

> 'ஃபுல் ஃபிரேம்' என்பதற்கு முழுச்சட்டகம் என்றே வைத்துக்கொள்ளலாம். சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது, சரி. பொருளுக்குப் பொருந்துகிறதா என்பதுதான் என் சந்தேகம். கலியாண சீசன் என்பதால் பதில் எழுதப் பிந்திவிட்டது. கைநூல் அச்சுக்குப் போகுமுன் ஒரு தடை சொல்லிவிடுகிறேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் சனிக்கிழமை பின்னேரங்களில் பத்துப் பன்னிரண்டு பேருக்குப் படமெடுக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தச் சொல் கடைசியில் அவர்களுடைய வாயில்தான் புழங்கவேண்டும். அதிலே ஒரு பெடியன் போன மாதம் பழைய லென்ஸ் ஒன்றை மலிவாக வாங்கிக்கொண்டு வந்தான். கமெரா ஃபுல் ஃபிரேம், லென்ஸ் சின்ன உணரிக்கென்று செய்தது. மாட்டினால் பூட்டு சரியாக விழுகிறது, படமும் வருகிறது. ஆனால் நாலு மூலையும் கறுப்பு, சுரங்கப் பாதைக்குள் நின்று வெளியே பார்க்கிறமாதிரி. கமெராவின் மெனுவில் தானே வெட்டிக்கொள்ளும் வசதியைப் போட்டால் மூலை போய்விடுகிறது. கூடவே 24 மெகாபிக்சலும் 10 சொச்சத்துக்கு இறங்கிவிடுகிறது. "சேர், முழுச்சட்டகம் எண்டால் முழுசாத்தானே வரவேணும்?" என்றான். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அவனுக்கு என்னால் ஒன்றும் விளக்க முடியவில்லை.

சட்டகம் என்றதும் சுவரில் மாட்டும் படத்தைச் சுற்றியிருக்கிற மரம்தான் நமக்கு மனதில் வரும். யன்னல் சட்டகம், கதவுச் சட்டகம், எல்லாம் அப்படித்தான்: சுற்றிவர விளிம்பு, நடுவில் வெறுமை. இங்கே நாம் பேசுவது விளிம்பை அல்ல, உள்ளே இருக்கிற பரப்பை. 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம், அவ்வளவுதான் சங்கதி. அந்த இரண்டு எண்ணையும் கைக்குள் வைத்திருந்தால் எந்த லென்ஸ் வாங்கலாம், உணரியை எதைக்கொண்டு துடைக்கலாம் என்ற இரண்டுக்கும் விடை வந்துவிடும்.

துடைக்கிற விஷயத்தில் நானே பட்டிருக்கிறேன். மூன்று வருடம் முந்தி, ஒரு கலியாணத்துக்கு முதல்நாள், புறக்கோட்டையில் ஒரு கடைக்குப் போய் "சென்சர் துடைக்கிற குச்சி தாங்கோ" என்று கேட்டேன். "இது எல்லாத்துக்கும் சரி" என்று தந்தார். உறையில் அளவு எதுவும் போட்டிருக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அது 16 மி.மீ. குச்சி, சின்ன உணரிக்குரியது. என் உணரியின் உயரம் 24. ஒரு இழுப்பில் மூன்றில் இரண்டு பங்கை மூடியது, மறு இழுப்பில் மிச்சத்தை. இரண்டு இழுப்பும் சந்தித்த இடத்தில் திரவம் ஒதுங்கிக் காய்ந்து, நீட்டுக்கு ஒரு கோடு. பின்னேரம் மங்கிய வெளிச்சத்தில் என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

மறுநாள் காலிமுகத்திடலில் மாப்பிள்ளை பொம்பிளை, இரண்டு பக்கத்துச் சனம், பின்னால் கடல். முன்வரிசையிலிருந்து தொடுவானம் வரை தெளிவாக வரட்டும் என்று லென்ஸின் துவாரத்தைச் சிறுக்கி எஃப் 16இல் வைத்து எடுத்தேன். அல்பத்துக்குப் படம் தெரிவுசெய்யும்போது மாப்பிள்ளையின் தாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "தம்பி, இது கப்பல் புகையோ?"

வானத்தின் நடுவால் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால் "ஓம் அம்மா" என்று சொல்லித் தப்பியிருக்கலாம். சொல்லவில்லை. இருபத்தேழு படத்தில் இருந்து வானக் கோட்டை ஒவ்வொன்றாக அழித்தேன்.

கடையில் அன்று நான் சொல்லவேண்டிய சொல் எனக்கு இருந்திருந்தால் இந்த வேலையே வந்திருக்காது. ஆகவே என் முன்மொழிவு முழுக்கட்டம்.

கட்டம் என்றால் உள்ளிடம். நிலத்தில் கட்டம் கீறி விளையாடினோம், கணக்குக் கொப்பியில் கட்டம், சாதகத்திலும் கட்டம். எல்லாவற்றிலும் கோட்டுக்குள்ளே எதையோ வைக்கிறோம். பிலிம் சுருளைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு இன்னும் தெளிவாகப் புரியும். அது கட்டம் கட்டமாகத்தானே இருக்கும்.

வரலாறும் இதற்கு ஒத்துவருகிறது. 35 மி.மீ. என்பது பிலிம் சுருளின் அகலம், ஓரத்து ஓட்டை வரிசைகள் இரண்டும் சேர்த்து. (உணரி 35 மி.மீ. என்று எழுதுகிற பிள்ளைகளுக்கு நான் புள்ளி குறைப்பதுண்டு.) சினிமாச் சுருளில் ஒரு கட்டம் 24க்கு 18. லைக்கா கமெராவை உருவாக்கிய ஒஸ்கார் பார்னாக் இரண்டு கட்டத்தை ஒன்றாக்கி 36க்கு 24 ஆக்கினார். அந்த அளவோடு லைக்கா 1925இல் சந்தைக்கு வந்தது. 1959இல் ஒலிம்பஸ் பென் கமெரா மறுபடி பழைய அளவுக்கு இறங்கி, 36 படச் சுருளில் 72 படம் எடுக்கவைத்தது. அதைத்தான் ஹாஃப் ஃபிரேம் என்றார்கள். அரைக்கட்டம் என்று ஒன்று இருப்பதால் முழுக்கட்டம் என்பதற்கும் பொருள் இருக்கிறது. இன்று கடையில் பெரும்பாலும் கிடைக்கிற சின்ன உணரி சரியாக அரைவாசி இல்லை, அதிலும் குறைவு. முழுக்கட்டம் 864 சதுர மி.மீ.; சின்னது 370 அளவில். அதற்குக் குறுங்கட்டம் போதும்.

முழுக்கட்டக் கமெரா, முழுக்கட்ட லென்ஸ், முழுக்கட்டத் துடைகோல் (அந்தக் குச்சிதான்). வாயில் வைத்துச் சொல்லிப் பாருங்கள்.

இன்னும் இரண்டு சொல் வேண்டும். லென்ஸ் உள்ளே வீசுகிற வட்டமான பிம்பத்துக்கு யாரோ 'ஒளிவட்டம்' என்று எழுதியிருந்தார்கள். அது சாமிப் படத்தில் தலைக்குப் பின்னால் இருப்பது, வேண்டாம். மற்றது, உணரித் தூசால் படத்தில் விழுகிற கரும்புள்ளி. நிலவில் தெரிகிற கறைக்குப் பழைய தமிழில் 'மறு' என்று பெயர். வானத்தில் தெரிகிற கறைதானே இதுவும்? 'உணரிமறு' என்றால் எப்படி?

———

கொட்டாஞ்சேனையிலிருந்து, அன்றிரவு

தம்பி, கட்டம் நல்ல சொல். முப்பது வருடம் பௌதிகவியல் படிப்பித்தவன் என்ற முறையில் என் கை தூக்கியாயிற்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிசனரி கிறீன் வைத்தியர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வைத்திய நூல்களைத் தமிழாக்கியபோது, முதலில் சனத்திடம் இருக்கிற சொல்லைத் தேடினார். கிடைக்காவிட்டால்தான் வடமொழிக்கும் இங்கிலிசுக்கும் போனார். கட்டம் சனத்திடம் இருக்கிற சொல்.

பிம்பத்துக்குப் 'படவட்டம்'. கணக்கும் அதிலேயே இருக்கிறது. 36க்கும் 24க்கும் மூலைவிட்டம் போட்டால் 43 மி.மீ. சொச்சம். படவட்டத்தின் விட்டம் அதற்குக் குறையக்கூடாது. குறுங்கட்ட லென்ஸின் படவட்டம் 28 மி.மீ. அளவை மூடினாலே போதும் என்று செய்யப்படுவது. உங்கள் மாணவனுக்கு மூலை கறுத்தது அதனால்தான். கரும்பலகையில் ஒரு செவ்வகம், ஒரு வட்டம் கீறிக் காட்டுங்கள், இரண்டு நிமிட வேலை. நான் 'லென்ஸ்' என்ற இடத்திலெல்லாம் 'வில்லை' என்றுதான் எழுதுவேன், பாடநூலில் அதுதான். நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்பதும் தெரியும்.

'உணரிமறு' மட்டும் வேண்டாம். உணரியை மறு என்று கட்டளையிடுகிறமாதிரிக் கிடக்கிறது!

இன்னொன்று. தூசு உணரியில் படிவதே இல்லை. உணரிக்கு மேலே மெல்லிய வடிகட்டிக் கண்ணாடி இருக்கிறது, அதன் மேல்தான் படிகிறது. எஃப் 2.8இல் தெரியாத தூசு எஃப் 16இல் தெரிவதும் அதனால்தான். துவாரம் விரிந்திருக்கையில் ஒளி பல பக்கத்தாலும் வந்து தூசின் நிழலைக் கரைத்துவிடும். துவாரம் சிறுத்தால் ஏறக்குறைய ஒரே பக்கத்தால் வருவதுபோலாகி, நிழல் கூராக விழும். தூசு உணரியிலேயே ஒட்டிக் கிடந்தால் எந்தத் துவாரத்திலும் ஒரேமாதிரித் தெரியவேண்டுமே. ஆகவே 'உணரி துடைத்தல்' என்று எழுதிப் பிள்ளைகளைப் பயப்படுத்தாமல் 'மேற்கண்ணாடி துடைத்தல்' என்று எழுதலாம்.

———

சென்னையிலிருந்து, மறுநாள்

அண்ணா, எனக்கு 'முழுக்கட்டம்' பார்த்ததும் தேர்தல்தான் ஞாபகம் வந்தது. முதற்கட்டம், இரண்டாம் கட்டம் என்று தினமும் படிக்கிறோம். இங்கே 'முழுச்சட்டகம்' என்று சிலர் எழுதவும் தொடங்கிவிட்டார்கள். இரண்டு கரைக்கும் இரண்டு சொல் என்றால் மறுபடியும் இங்கே இயற்பியல், அங்கே பௌதிகவியல் என்ற கதைதான்.

ஆனாலும் சட்டகத்துக்கு உள்ளே ஒன்றுமில்லை என்பது சரியான அடி. என் ஓட்டை மாற்றிக்கொள்கிறேன்.

கரும்புள்ளிக்கு 'மறு' எல்லாம் எதற்கு? எங்கள் ஸ்டூடியோவில் பையன்கள் "வானத்துல பொட்டு விழுந்திருக்கு" என்றுதான் சொல்வார்கள். தூசிப்பொட்டு. கல்யாணக்காரர்கள் அதைக் கேட்டுவிட்டு மணப்பெண்ணின் நெற்றியைத் தேடுவார்கள் என்பது மட்டும்தான் சிக்கல்.

———

திரும்பவும் வெள்ளவத்தையிலிருந்து

பொட்டுக்கு நான் தோற்றுவிட்டேன். எங்கள் பக்கம் தூசு என்போம், ஆகையால் கைநூலில் 'தூசுப்பொட்டு'. நீங்கள் 'தூசிப்பொட்டு' என்றே எழுதுங்கள், அதனால் யாருக்கும் லென்ஸ் மாறிப்போகாது. மறுவை நிலவுக்கே விட்டுவிடுகிறேன், கொஞ்சம் கவலைதான்.

தேர்தல் கட்டம் பற்றி: முதல், இரண்டாம், அடுத்த என்று எண்ணோ வரிசையோ முன்னால் வந்தால்தான் கட்டம் காலத்தைக் குறிக்கிறது. பின்னால் லென்ஸ், கமெரா என்று பொருளின் பெயர் வந்தால் யாரும் தேர்தலை நினைக்கப்போவதில்லை.

ஐயா சொன்ன மேற்கண்ணாடியை ஒரு மாற்றத்தோடு எடுத்துக்கொண்டேன். தலைப்பு 'உணரித் துப்புரவு'. ஏனென்றால் கடையில் போய் அப்படித்தான் கேட்கப்போகிறார்கள். உள்ளே முதல் வரியே "நீங்கள் தொடுவது மேற்கண்ணாடியை".

அந்தப் பக்கத்தை இந்தச் சனிக்கிழமை செய்துகாட்டியே எழுதினோம். எஃப் 22இல் வைத்து, ஃபோகஸை வேண்டுமென்றே குழப்பி, வெள்ளைச் சுவரை ஒரு படம். திரையில் பெருப்பித்தால் மேல் இடது மூலையில் மூன்று பொட்டு. லென்ஸைக் கழற்றி, கமெராவின் வாய்க்குள் முன்னாலிருந்து பார்த்தால் அந்தத் தூசு எங்கே இருக்கவேண்டும்? எல்லாரும் மேலே தேடினார்கள். பிம்பம் தலைகீழாக விழுவதால் அது கீழே, இடது பக்கமே. பின்னாலிருந்து பார்த்தால் கீழ் வலது. நாம் முன்னால் வந்து நிற்பதால் இடம் வலம் திரும்பவும் மாறிவிடுகிறது. இதை ஒரு பிள்ளை தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் நம்பினாள்.

முதலில் றப்பர் புளோவர். (இதற்கு 'ஊதுகுமிழ்' என்று யாரோ எழுதியிருந்தீர்கள். அழகுதான், ஆனால் புளோவர் என்றே விடுவோம், எல்லாவற்றுக்கும் பேர் வைக்கவேண்டியதில்லை.) கமெராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து ஊதினால் தூசு தானே விழும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். தகர டப்பாவில் வருகிற காற்றில் திரவம் சேர்ந்து பாய்ந்துவிடும். இரண்டு பொட்டு போய்விட்டது. ஒன்று அசையவில்லை, கடற்காற்றின் உப்பாக இருக்கலாம். அதற்குத்தான் துடைகோல். பற்றரி நிறைந்திருக்கவேண்டும், உள்ளே ஆடி (மிரர்) உள்ள கமெராவில் பாதியில் மின் போனால் ஷட்டர் துடைகோலின் மேலேயே விழும். நுனியில் மெதனோல் திரவம் இரண்டு துளி, இடமிருந்து வலம் ஒரே இழுப்பு, மறுபக்கத்தைத் திருப்பி வலமிருந்து இடம். அதோடு அந்தத் துடைகோல் குப்பைக்கு. விலையைப் பார்த்து மனம் கேட்காமல் இரண்டாம் தரம் பாவித்தால், அள்ளிய மணலாலேயே கண்ணாடியைக் கீறுவீர்கள்.

தூசு வராமல் இருக்க என்ன செய்வது என்று கேட்டார்கள். லென்ஸை அடிக்கடி கழற்றாமல் இருப்பதுதான். 35, 50, 85 என்று மூன்று நிலைத்த (ஸூம் ஆகாத) லென்ஸ் வைத்திருந்தால் படம் அழகு, ஆனால் நாளுக்கு இருபது தரம் வாய் திறக்கும். கலியாணத்துக்கும் தேருக்கும் நான் 24–70 ஸூம் லென்ஸ் ஒன்றோடு போவது சோம்பலால் மட்டுமல்ல. ஆடிவேல் திருவிழாவுக்குச் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி வரை கர்ப்பூரப் புகைக்குள் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மாற்றியே ஆகவேண்டுமென்றால் காற்றுக்கு முதுகு காட்டி நின்று, கமெராவைக் குனியப் பிடித்து மாற்றுங்கள். மே தொடக்கம் செப்டெம்பர் வரை காலிமுகத்திடலில் காற்று கடலிலிருந்துதான். முதுகு எந்தப் பக்கம் என்று யோசிக்கவே தேவையில்லை. பூஞ்சணம் வேறு கதை, அது லென்ஸுக்குள், அதற்குத் தனி அத்தியாயம்.

'படவட்டம்' அப்படியே சேர்ந்துவிட்டது. மூலை கறுத்த லென்ஸ்காரப் பெடியன்தான் கரும்பலகையில் வட்டம் கீறினான். 43 என்று கீழே எழுதிவிட்டு, "அப்ப நான் வாங்கினது குறுங்கட்ட லென்ஸ், என்ன சேர்?" என்றான். இப்போது அதைக் குறுங்கட்டக் கமெரா வைத்திருக்கிற இன்னொரு பிள்ளைக்கு விற்கப் பேரம் நடக்கிறது.

துடைகோல் பெட்டி இரண்டிலும் மார்க்கரால் எழுதி ஒட்டியாயிற்று: முழுக்கட்டம் 24 மி.மீ., குறுங்கட்டம் 16 மி.மீ. வேறு தடை இல்லையென்றால் புதன்கிழமை கைநூலை அச்சுக்குக் கொடுக்கிறேன்.