மாடித்தோட்ட உதவித் தளம்: புதியவர்களை விரட்டாமல் கேள்விகளின் தரத்தைக் காப்பது எப்படி?

தொட்டிமண் கேட்டது:

எங்கள் மாடித்தோட்ட உதவித் தளம் டிஸ்கோர்ஸ் என்ற விவாதக்கள மென்பொருளில் ஓடுகிறது. வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே அச்சு. தலைப்பு "உதவி தேவை". உள்ளே மங்கலாக ஒரு படம், "செடி இப்படி ஆயிடுச்சு, என்ன மருந்து அடிக்கலாம்?" என்று ஒரு வரி. விவரம் தெரிந்தவர்கள் "முதலில் தேடிப் பாருங்கள்" என்று போட்டுவிட்டுப் போகிறார்கள். கேட்டவர் அதற்குப் பிறகு எட்டிப் பார்ப்பதில்லை. சரி, கண்டிப்பைத் தளர்த்தலாம் என்றால் பழையவர்கள் சலித்துப்போய் ஒதுங்குகிறார்கள்.

பதிவுகளை மேற்பார்க்கும் மட்டுறுத்துநர்களிடம் இப்போது மூன்று யோசனைகள் இருக்கின்றன. 12 கேள்விகள் கொண்ட படிவம். புதியவரின் முதல் மூன்று பதிவுகளுக்கு முன் அனுமதி. விவரம் இல்லாத கேள்வியை உடனே பூட்டுவது. எதை எடுப்பது, எதை விடுவது? இந்த வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

இலைப்பேன்:

12 கேள்வி வேண்டாங்க. பாதியிலேயே மூடிட்டு வாட்ஸாப் குழுவுக்குப் போயிடுவாங்க. படிவத்துல ஒரு கேள்வி இருக்கணுமா வேண்டாமாங்கறதுக்கு ஒரே சோதனைதான்: அதோட பதில் மாறினா நாம சொல்ற வைத்தியம் மாறுமா? மாறாதுன்னா தூக்கிடுங்க.

மிளகாயையே எடுத்துக்குங்க. "இலை சுருண்டிருக்கு"ன்னா ஒண்ணும் சொல்ல முடியாது. ஓரம் மேல்பக்கமா சுருண்டா இலைப்பேன்ங்கற பூச்சியைச் சந்தேகப்படணும். கீழ்ப்பக்கமா மடிஞ்சு, கவிழ்த்த படகு மாதிரி ஆகி, காம்பு நீண்டிருந்தா மஞ்சள் சிலந்தி (மைட்). சிலந்தி பூச்சி இனமே இல்லை, அதனால பூச்சிக்கு அடிக்கிறதுல பலது அதுகிட்ட செல்லாது. வெள்ளை ஈ பரப்புற வைரஸ்னா குணப்படுத்த மருந்தே கிடையாது, செடியைப் பிடுங்கிட்டு ஈயைக் கட்டுப்படுத்தணும். அப்போ "எந்தப் பக்கம் சுருளுது"ங்கறது கேட்டே ஆகவேண்டிய கேள்வி. "விதை எங்கே வாங்கினீங்க"ங்கறது பெரும்பாலும் வெட்டிக் கேள்வி.

அஞ்சு போதும். என்ன செடி, நட்டு எத்தனை நாள்? தொட்டி அளவு, மண்கலவை என்ன? வெயில் எத்தனை மணி நேரம், தண்ணி எப்போ? பாதிப்பு அடி இலையிலயா, கொழுந்துலயா? இதுவரை என்ன போட்டீங்க, எவ்வளவு? நாலாவதை மட்டும் விட்டுடாதீங்க. அடி இலை முழுசா வெளிறினா தழைச்சத்துப் பக்கம் பார்க்கணும். கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நின்னா இரும்புச்சத்துப் பக்கம். ரெண்டையும் "இலை மஞ்சள்"னுதான் எழுதுவாங்க.

படம் மூணு வேணும்: முழுச் செடி, இலை மேல்பக்கம், இலை அடிப்பக்கம். இங்கதான் ஒரு பொறி இருக்கு. டிஸ்கோர்ஸ்ல புதியவர் ஒரு பதிவுல ஒரே ஒரு படம்தான் போட முடியும், இயல்பு அமைப்பு அது. நீங்க மூணு கேட்பீங்க, தளம் ஒண்ணுக்கு மேல விடாது, அவர் தன் மேலதான் தப்புன்னு நினைச்சுக் கிளம்பிடுவார். அந்த எண்ணை 4 ஆக்குங்க. இணைப்புக்கான 2 என்ற வரம்பைத் தொடாதீங்க, விளம்பரக்காரங்களை அதுதான் தடுக்குது.

இன்னொண்ணு, ஒரே இழையில (ஒரு கேள்வியும் அதுக்குக் கீழ வர்ற பேச்சும்) புதியவர் 3 மறுமொழிதான் போட முடியும், யாராவது அவருக்கு நேரடியா மறுமொழி தர்ற வரைக்கும். நாம பொதுவா கீழே எழுதிட்டே போனா அவர் வாய் அடைச்சுடும். அவரோட பதிவுல இருக்கிற மறுமொழிப் பொத்தானை அழுத்தியே பேசுங்க. இந்தப் புதியவர் தடைகள் நீங்க, டிஸ்கோர்ஸோட நம்பிக்கை நிலைகள்ல முதல் நிலைக்கு ஏறணும்; அதுக்கு 5 இழை திறந்து, 30 பதிவு படிச்சு, மொத்தம் 10 நிமிஷம் செலவழிக்கணும். அவசரத்துல வந்தவர் முதல் நாளே அதைத் தாண்டுவார்னு எதிர்பார்க்க முடியாது.

குறைந்தபட்ச எழுத்து எண்ணிக்கையை நம்பியும் உட்காராதீங்க. தலைப்புக்கு இயல்பா 15. "தக்காளி இலை மஞ்சள்" நம்ம கணக்குல பத்து எழுத்து. கணினி புள்ளியையும் கொம்பையும் தனித்தனியா எண்ணி, இடைவெளியோட 18ன்னு சொல்லி உள்ளே விட்டுடும்.

---

வரப்பு:

மேலே சொன்னது கேள்வி உள்ளே வரும் வழி. பூட்டுவதைப் பற்றி நான் சொல்கிறேன்.

நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2008இல் தொடங்கியது. அங்கே மேல்வாக்கு போட 15 நற்பெயர்ப் புள்ளி, அடுத்தவர் பதிவில் கருத்து எழுத 50, கீழ்வாக்கு போட 125 என்று வைத்திருந்தார்கள். தரத்துக்காக வைத்த படிக்கட்டுதான். ஆனால் கருத்து எழுத முடியாத புதியவர் தன் சந்தேகத்தைப் பதில் பெட்டியில் எழுதுவார். பதில் இல்லை என்று அது நீக்கப்படும். படிக்கட்டே குப்பையை உண்டாக்கிய இடம் இது. 2018 ஏப்ரலில் அந்த நிறுவனமே, புதியவர்கள் உட்படப் பலருக்குத் தங்கள் தளம் இதமாக இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டே கேள்வியை மூடத் தேவையான வாக்குகளை 5இலிருந்து 3 ஆகக் குறைத்தார்கள். ஒரு கை அணைத்தது, மறு கை கதவை இன்னும் வேகமாகச் சாத்தியது. 2024இல்தான் முதல் கேள்வியைப் பொதுவில் விடுமுன் அனுபவசாலிகள் பார்த்துத் திருத்த உதவும் தனி இடம், ஸ்டேஜிங் கிரவுண்ட், முழு அளவில் வந்தது.

உங்கள் அளவுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. பூட்டுக்குப் பதில் "விவரம் தேவை" என்று ஒரு குறிச்சொல். அதோடு எது தேவை என்று ஒரே ஒரு கேள்வி. 14 நாள் அசைவில்லை என்றால் தானாக மூடும்படி நேரம் வைத்துவிடுங்கள். யாரும் யாரையும் தண்டித்ததாக இருக்காது.

தரம் என்று நாம் சொல்வது கேட்டவருக்காக அல்ல, ஆறு மாதம் கழித்துத் தேடி வருபவருக்காக. அவருக்கு முக்கியம் தலைப்பு. "உதவி தேவை" என்பதை "மிளகாய், நட்டு 40 நாள்: இலை மேல்நோக்கிச் சுருள்கிறது" என்று நீங்களே மாற்றுங்கள். டிஸ்கோர்ஸில் மூன்றாம் நம்பிக்கை நிலையில் உள்ளவர்கள் தலைப்பை மாற்றலாம், பிரிவையும் மாற்றலாம். சிறிய தளத்தில் தானாக அந்த நிலைக்கு ஏறுபவர்கள் அரிது. நம்பகமான நாலைந்து பேருக்கு நிர்வாகியே கொடுத்து, நிலை இறங்காதபடி பூட்டிவிடலாம். அந்தப் பூட்டுக்கு நான் ஆதரவு.

"தேடிப் பாருங்கள்" என்பதை அறவே விடுங்கள். மாவுப்பூச்சியை ஒருவர் ஒற்று இல்லாமல் எழுதுகிறார், இன்னொருவர் ஆங்கில எழுத்தில் தட்டுகிறார், மூன்றாமவர் "வெள்ளையா பஞ்சு மாதிரி" என்கிறார். பெயர் தெரிந்தால்தானே தேடுவார்? இவற்றையெல்லாம் ஒரே குறிச்சொல்லின் மாற்றுப் பெயர்களாகச் சேர்க்க வசதி இருக்கிறது. பழைய இழை நினைவிருந்தால் அதன் இணைப்பைக் கொடுங்கள், கூடவே விடை எந்தப் பதிவில் என்றும்.

---

கொத்துமண்வெட்டி:

ரெண்டு பேரும் கேள்வி கேக்குறவங்களையே சுத்தி வர்றீங்க. என் கணக்குல தரம் கெடுறது பதில்ல.

எந்த இலை மஞ்சளானாலும் "எப்சம் உப்பு போடுங்க". அது மெக்னீசியம் சல்பேட், மெக்னீசியம் குறைஞ்சாதான் பயன். "வேப்பெண்ணெய் அடிங்க"ன்னா அதுவும் அரைப் பதில்தான். லிட்டருக்கு 5 மி.லி., முதல்ல கொஞ்சம் சோப்புக் கரைசல்ல குழைச்சு அப்புறம் தண்ணி, சாயங்காலம், இலை அடியில படுற மாதிரி. இதைச் சொல்லலைன்னா எண்ணெய் தண்ணி மேல மிதக்கும், கடைசியா தெளிப்பான்ல வர்ற தனி எண்ணெய் இலையைக் கருக்கிடும். கண்டிப்பை இங்க காட்டுங்க: அளவும் காரணமும் இல்லாத பதிலை மட்டுறுத்துநர் திருப்பி அனுப்பணும், எழுதினது எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும். ரசாயன மருந்துன்னா எந்தப் பயிருக்கு, தெளிச்சு எத்தனை நாள் கழிச்சுப் பறிக்கணும்னு லேபிள்ல இருக்கறதையும் சேர்த்து எழுதணும்.

முன் அனுமதி முதல் பதிவுக்கு மட்டும் போதும், அதுவும் விளம்பரத் தொல்லை நிஜமாவே இருந்தா. ராத்திரி 10 மணிக்குக் கேட்டது காலையில வெளிய வந்தா, அதுக்குள்ள அவர் கடைக்காரர் சொன்னதை வாங்கி அடிச்சு முடிச்சிருப்பார்.

பழையவங்க சலிப்புக்கு: எல்லாத்தையும் ஒரே திண்ணையில கொட்டாதீங்க. தமிழ் விக்கிப்பீடியால பொதுப் பேச்சுக்கு ஆலமரத்தடி, உதவி கேக்க ஒத்தாசைப் பக்கம்னு தனித்தனியா வெச்சிருக்காங்க. "முதல் கேள்வி"ன்னு ஒரு பிரிவு போடுங்க. வேண்டாதவங்க அதை அமைதியாக்கி வெச்சுக்கட்டும். விருப்பப்பட்டவங்க ஆளுக்கு ஒரு வாரம்னு முறை வெச்சுப் பார்க்கட்டும்.

---

தொட்டிமண்:

மூவருக்கும் நன்றி. பட வரம்பை இப்போதே பார்த்தேன், 1 என்றுதான் இருக்கிறது. ஒரு சந்தேகம்: படிவத்தை அப்படியே அழித்துவிட்டு வாட்ஸாப்பில் வந்த படத்தை மட்டும் போடுகிறவர்களை என்ன செய்வது?

---

இலைப்பேன்:

படிவத்தை ஒட்டச் சொல்லி மல்லுக்கட்டாதீங்க. ஒரே கேள்வி கேளுங்க: "இலையோட அடிப்பக்கம் ஒரு படம் போடுறீங்களா?" அது வந்தப்புறம் அடுத்தது. வாட்ஸாப் வழியா வந்த படம் சுருங்கிப்போயிருக்கும், இலைப்பேனே தெரியாது. கேமராவுல எடுத்த மூலப் படத்தையே நேரா ஏத்தச் சொல்லுங்க. காலை நேரம், நிழல், பக்கத்துல ஒரு ஒத்த ரூபாய் நாணயம். இலையை வெள்ளைத் தாள் மேல தட்டி, அந்தத் தாளையும் படம் எடுக்கச் சொன்னா பாதி நேரம் பூச்சியே விழுந்து மாட்டிக்கும்.