சிபில் 782இல் இருந்து 691!! ஒரு தவணை கூடத் தவறவில்லை, அவசரம்

அரைச்செங்கல்: வீட்டுக் கடனுக்குப் போனேன். மேனேஜர் ஸ்கிரீனைத் திருப்பி, கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று பார்த்துப் போடும் சிபில் ஸ்கோர் 691 என்று காட்டினார். போன வருஷம் 782. சனிக்கிழமைக்குள் ஏற்ற வழி சொல்லுங்கள்.

தறிக்காரன்: அந்த 782 எங்கே பார்த்தது? கார்டு, கடன் என்னென்ன இருக்கிறது? எதுவுமே சொல்லவில்லையே.

நகைப்பை: அடிக்கடி ஸ்கோர் பார்த்திருப்பீர்கள். பார்க்கப் பார்க்கக் குறையும்.

மதுரைக்காரி: குறையாது. நாமே பார்ப்பது கணக்கில் வராது. கடன் கேட்டு வங்கி பார்ப்பதுதான் பதிவாகும்.

கணக்குப்பிள்ளை: தம்பி, இதையே இங்கே நூறு தடவை எழுதிவிட்டேன், தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. கார்டு லிமிட்டில் 30 சதவீதத்துக்கு மேல் தேய்த்தால் இப்படித்தான். லிமிட் எவ்வளவு, தேய்த்தது எவ்வளவு?

அரைச்செங்கல்: லிமிட் 1 லட்சம், மாதம் 8 ஆயிரம் தாண்டாது. 782 ஏதோ ஒரு ஆப்பில் பார்த்தது. சம்பளம் ஏறியிருக்கிறது, அப்படியும் குறையுமா?

மதுரைக்காரி: சம்பளம், சேமிப்பு எதையும் ஸ்கோர் பார்க்காது. ஆப் காட்டியது சிபில்தானா? இந்தியாவில் எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று ஸ்கோர் போடும் நிறுவனங்கள் இன்னும் மூன்று இருக்கின்றன, ஒன்றில் இருக்கும் நம்பர் இன்னொன்றில் இருக்காது. முதலில் முழு ரிப்போர்ட்டை எடுங்கள், வருஷத்துக்கு ஒன்று இலவசம்.

தறிக்காரன்: கேட்க மறந்துவிட்டேன். யாருக்காவது ஜாமீன் கையெழுத்து போட்டீர்களா?

கணக்குப்பிள்ளை: அதெல்லாம் அபூர்வம். இவர் இன்னொரு கார்டை மறைக்கிறார்.

நகைப்பை: நகைக்கடன் இருந்தாலும் பயமில்லை, அது சிபிலுக்கே போகாது. நகைதான் அவர்களிடம் இருக்கிறதே.

தறிக்காரன்: யார் சொன்னது? 2021இல் வங்கியில் வளையலை வைத்தேன், திருப்பி மறுபடி வைத்தேன். இரண்டும் தனித்தனிக் கணக்காக என் ரிப்போர்ட்டில் நிற்கிறது.

நகைப்பை: எங்கள் தெருவில் பத்து வருஷமாக வைக்கிறேன். ஒரு தடவையும் வந்ததில்லை.

தறிக்காரன்: அது அடகுக் கடைங்க!

கணக்குப்பிள்ளை: நகைக்குத் தனி இழை தொடங்குங்கள்.

அரைச்செங்கல்: ரிப்போர்ட் எடுத்துவிட்டேன். கடைசியில் டூவீலர் லோன் என்று ஒரு கணக்கு, ஓனர்ஷிப்பில் கேரண்டர், அதாவது ஜாமீன் போட்டவர். மாதக் கட்டங்களில் வரிசையாக 000, அப்புறம் 031, 062. மச்சான் பைக். 2023இல் டீக்கடையில் நின்றபடி கையெழுத்து போட்டது, மறந்தே போனேன்.

மதுரைக்காரி: அதுதான். 062 என்றால் தவணை 62 நாள் தாமதம், 000 என்றால் தாமதமில்லை. அவர் கட்டாததும் உங்கள் பெயரில்தான் விழும். பாக்கியைக் கட்டச் சொல்லி ரசீதை மேனேஜரிடம் காட்டுங்கள், சில இடங்களில் கேட்பார்கள். சனிக்கிழமைக்குள் ஸ்கோர் ஏறாது. கட்டினாலும் அந்த 062 உடனே அழியாது, மேலே 000 விழ விழத்தான் ஏறும். கட்டிய பிறகும் பாக்கி காட்டினால் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு தரச் சொல்லி ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது.

கணக்குப்பிள்ளை: நான் பொதுவாகச் சொன்னேன். பெரும்பாலும் கார்டுதான்.

அரைச்செங்கல்: நன்றி. வீட்டுக்காரியிடம் முதலில் சொல்லணும். அவள் தம்பிதான்.

தறிக்காரன்: என்ன ஆச்சு, கட்டினாரா?

தறிக்காரன்: பத்து நாள் ஆச்சு. கடன் கிடைத்ததா?

நகைப்பை: அடகுக் கடையில் வைத்தது வராதுதானே?