லென்ஸ் பாதியில் நின்றுவிடும் டிஜிட்டல் கேமராவை வீட்டிலேயே பிரிக்கலாமா?

கேள்வி – அம்மாப்பேட்டைவாசி

அனைவருக்கும் வணக்கம். சேலம் அம்மாப்பேட்டையில் வசிக்கிறேன். என்னிடம் சட்டைப் பையில் அடங்கக்கூடிய சிறிய டிஜிட்டல் கேமரா ஒன்று இருக்கிறது. மேட்டூரில் காவிரிக் கரையில் படம் எடுத்துத் திரும்பியதிலிருந்து, அதை இயக்கினால் லென்ஸ் பாதித் தூரம் வெளியே வந்து, கரகரவென்ற சத்தத்துடன் நின்று, மறுபடியும் உள்ளே போய்விடுகிறது. திரையில் லென்ஸ் பிழை என்ற அறிவிப்பு தோன்றிக் கேமரா தானாகவே அணைந்துவிடுகிறது. அது கீழே விழவும் இல்லை, நீரில் நனையவும் இல்லை.

ஐந்து ரோடு பக்கம் விசாரித்த கடைகளில், இந்த மாடல் நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டதால் உதிரிபாகம் கிடைக்காது என்று திருப்பித் தந்துவிட்டார்கள். மிக்ஸி, டேபிள் ஃபேன் போன்றவற்றை நானே பிரித்துச் சரிசெய்வது வழக்கம். மல்டிமீட்டரும் சாலிடரிங் அயர்னும் வீட்டில் உள்ளன. ஆனால் கேமராவுக்குள் இதுவரை கைவைத்ததில்லை. பிரிப்பதற்கு முன் செய்து பார்க்கக்கூடியது ஏதேனும் உண்டா, பிரித்தால் எந்த இடத்தில் ஆபத்து, எந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1 – வால்வு ரேடியோ

ஐயா, மற்றவர்கள் லென்ஸைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஃப்ளாஷைப் பற்றி நான் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் முதல் முறை கேமராவைப் பிரிப்பவர்களை அடிப்பது அதுதான். பேட்டரி 3.7 வோல்ட்தானே என்று நினைத்துத்தான் பலரும் உள்ளே விரலை வைக்கிறார்கள். ஆனால் ஃப்ளாஷ் விளக்கை எரிப்பதற்காக அந்த 3.7 வோல்ட்டை ஏறக்குறைய 300 வோல்ட்டாக உயர்த்தி ஒரு கெபாசிட்டரில் சேமித்து வைத்திருப்பார்கள். சிறிய கேமராக்களில் அது பேட்டரி அறைக்குப் பக்கத்திலோ ஃப்ளாஷுக்குக் கீழேயோ, கறுப்பு உறை போட்ட உருளையாகத் தெரியும். பேட்டரியைக் கழற்றிவிட்டால் அது காலியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். நாள் கணக்கில் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கக்கூடியது.

மின்னூட்டத்தை இறக்குவதற்கு 2.2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று போதும். அதன் இரண்டு கால்களிலும் ஒயர் பற்றவைத்து, நுனியைத் தவிர மற்ற இடமெல்லாம் இன்சுலேஷன் ஸ்லீவ் போட்டு, கெபாசிட்டரின் இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் சில வினாடிகள் அழுத்திப் பிடியுங்கள். கெபாசிட்டர் 100 மைக்ரோஃபாரட் அளவில் இருந்தால், கணக்குப்படி 1 வினாடிக்குச் சற்று மேலேயே 99 சதவீதம் இறங்கிவிடும். அதற்குப் பிறகு மல்டிமீட்டரை 500 வோல்ட் அல்லது அதற்கு மேற்பட்ட டிசி அளவில் வைத்து அளந்து, எண் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த திருகைத் தொடுங்கள். இடையில் சோதனைக்காகப் பேட்டரியைப் போட்டால் கெபாசிட்டர் மறுபடியும் நிரம்பிவிடும் என்பதால், அப்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்க இறக்குவதைச் சிலர் வீரமாகக் காட்டுவார்கள். அதில் டிரைவரின் நுனியும் கெடும், போர்டில் உள்ள நுண்ணிய பாகங்களும் போகும்.

பதில் 2 – செவ்வாய்ப்பேட்டை லூப்

நீங்கள் சொல்லும் அறிகுறியைப் பார்த்தால் மணல்தான். லென்ஸ் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று சுழன்று வெளிவருகின்றன. சிறிய மோட்டார் ஒன்று பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் வழியாக அவற்றைத் திருப்புகிறது. எவ்வளவு தூரம் திரும்பியது என்பதை ஓர் ஒளி உணரி எண்ணிக்கொண்டே இருக்கிறது. எதிர்பார்த்த நேரத்துக்குள் எதிர்பார்த்த எண்ணிக்கை வரவில்லை என்றால், மோட்டார் கருகிவிடாமல் இருப்பதற்காகக் கேமரா தானே நிறுத்திக்கொண்டு பிழையைக் காட்டுகிறது. ஆகவே அந்த அறிவிப்பு வந்தது என்பதற்காக எலக்ட்ரானிக்ஸ் போய்விட்டது என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை.

பிரிப்பதற்கு முன் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, அதன் முனைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துப் பாருங்கள். லென்ஸ் மோட்டார் மின்னோட்டத்தை அதிகம் இழுக்கும் பாகங்களில் ஒன்று. வயதான பேட்டரி திரையை எரியவைத்துவிட்டு லென்ஸைத் தள்ள முடியாமல் கைவிரித்துவிடும். அதிலும் மாற்றம் இல்லை என்றால், லென்ஸ் வெளியே வந்து நிற்கும் அந்தக் கணத்திலேயே பேட்டரியை உருவிவிடுங்கள், அது உள்ளே போகாமல் அப்படியே நிற்கும். கேமராவைத் தலைகீழாகப் பிடித்து, ரப்பர் ஊதியால் குழாய்களின் இடுக்கில் சுற்றிலும் ஊதுங்கள். பிறகு விசிட்டிங் கார்டு அட்டையைவிட மெல்லிய காகிதத்தைக் கீற்றாக வெட்டி, அந்த இடுக்கில் மெதுவாக நகர்த்திக்கொண்டே சுற்றி வாருங்கள். மணல் சிக்கிய கேமராக்கள் பல இதிலேயே மீண்டுவிடுகின்றன. துரு நீக்கும் ஸ்ப்ரேயையோ தையல் மிஷின் எண்ணெயையோ எக்காரணம் கொண்டும் விட வேண்டாம். எண்ணெய் உள்ளே பரவி ஷட்டர் இதழ்களில் ஒட்டிக்கொண்டால், மணலை எடுத்தாலும் கேமரா திரும்ப வராது.

பிரிக்கத்தான் வேண்டும் என்றால் முதலில் நல்ல டிரைவர் வாங்குங்கள். ஜப்பானியக் கேமராக்களின் கூட்டல் குறித் திருகுகள் பெரும்பாலும் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தரநிலை வடிவத்தைச் சேர்ந்தவை. சாதாரண பிலிப்ஸ் டிரைவர் அதில் முழுதாக உட்காராமல் வழுக்கி, திருகின் தலையை மழுக்கிவிடும். மொபைல் சர்வீஸ் கருவிகள் விற்கும் கடையில் ஜேஐஎஸ் என்று கேட்டு வாங்குங்கள். சாமணமும் லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியும் நம் ஊரில் தேடி அலைய வேண்டியவை அல்ல. வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர்கள் வாங்கும் கடைகளிலேயே கிடைக்கும்.

திருகுகள் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருந்தாலும் நீளம் வேறாக இருக்கும். குட்டைத் திருகின் துளையில் நீளமானதைப் போட்டு முறுக்கினால் அது உள்ளே இருக்கும் திரையையோ போர்டையோ குத்திவிடும். ஒரு தாளில் கேமராவின் படத்தை வரைந்து, இருபக்கமும் ஒட்டும் டேப்பை அதில் ஒட்டி, கழற்றிய இடத்திலேயே ஒவ்வொரு திருகையும் பதித்து வையுங்கள். பக்கவாட்டு ரப்பர் மூடிக்கு அடியில் ஒளிந்திருக்கும் திருகைக் கவனிக்காமல் உறையை நெம்புவதால்தான் கொக்கிகள் உடைகின்றன. ரிப்பன் கேபிள் செருகிகளில் பலவற்றுக்குச் சிறிய தாழ்ப்பாள் இருக்கும். சிலவற்றில் அது மேல்நோக்கித் திறக்கும், சிலவற்றில் பக்கவாட்டில் நகரும். லூப் வைத்துப் பார்த்து எந்த வகை என்று தெரிந்த பிறகு நகத்தால் திறக்க வேண்டுமே தவிர, கேபிளைப் பிடித்து இழுக்கக் கூடாது.

பதில் 3 – சேர்வராயன் மலைச்சாரல்

மேலே உள்ளவற்றில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஏற்காட்டில் வசிப்பவன் என்ற முறையில் ஈரத்தைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனியில் குளிர்ந்த கேமரா, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்தின் வெக்கைக்கு வந்தவுடன் பையிலிருந்து எடுக்கப்பட்டால், அதன் கண்ணாடியிலும் உள்ளே போர்டிலும் நீர் படிகிறது. மலையிலேயே அதைக் காற்றுப்புகாத பையில் போட்டு மூடி, கீழே வந்து ஒரு மணி நேரமாவது கழித்துத் திறப்பது நல்லது.

பழுதுபார்ப்பவர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. பிரித்த கேமராவை மழைநாளில் மூடினால் ஈரக் காற்றையும் சேர்த்து மூடுகிறோம். எங்கள் பகுதியில் ஜூன் முதல் நவம்பர் வரை இப்படி மூடிய லென்ஸ்களில் சிலந்தி வலை போன்ற பூஞ்சை படர்வதைப் பார்க்கலாம். நாளானால் அது கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். சேலத்தின் வறண்ட நாள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வேலையை முடியுங்கள். பிறகு சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில், ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்குமாறு வையுங்கள். அரிசிப் பானையில் புதைப்பது வேண்டாம். அதன் தூசி மணலுக்குச் சளைத்ததல்ல.

அம்மாப்பேட்டைவாசி

மூவருக்கும் நன்றி. பேட்டரியை மாற்றிப் பார்த்ததில் பயன் இல்லை. காகிதக் கீற்றில் பொன்னிறத் துகள்கள் வந்தன. இப்போது லென்ஸ் முன்பைவிட அதிக தூரம் வருகிறது, ஆனால் கடைசி வளையத்தில் நின்றுவிடுகிறது. ரெசிஸ்டரும் டிரைவரும் வாங்கிவிட்டேன். உள்ளே போனால் லென்ஸ் தொகுதியை முழுவதும் கழற்றிப் பிரிக்கலாமா?

செவ்வாய்ப்பேட்டை லூப்

தொகுதியைக் கேமராவிலிருந்து வெளியே எடுக்கலாம். பின்பக்கத்தில் உள்ள, படத்தைப் பதிவு செய்யும் சென்சாரை மட்டும் கழற்றாதீர்கள். தொழிற்சாலையில் அது லென்ஸுக்கு மிகத் துல்லியமாகச் செங்குத்தாக நிறுத்தப்பட்டு, திருகு, ஸ்பிரிங் அல்லது பசையால் நிலைநிறுத்தப்பட்டிருக்கும். இம்மியளவு சாய்ந்தாலும் படத்தின் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் விழும், அதை வீட்டில் சரிசெய்வதற்கு வழியில்லை.

உங்களுக்குத் தேவையானது பக்கவாட்டில் உள்ள மோட்டார்ப் பெட்டிதான். அதன் மூடியைத் திறந்து, பற்களுக்கு இடையிலுள்ள துகள்களை உலர்ந்த மெல்லிய தூரிகையால் எடுத்துவிட்டு, கடைசிச் சக்கரத்தை விரலால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். குழாய்கள் தடையில்லாமல் முழுவதும் வந்து போனால் அப்படியே மூடிவிடலாம். பல் ஏதேனும் முறிந்திருந்தால் தேய்த்தோ ஒட்டியோ சரிவராது. அதே மாடலில் திரை உடைந்து, லென்ஸ் மட்டும் நன்றாக இயங்கும் பழைய கேமராவை வாங்கி, சென்சாரோடு சேர்ந்த முழுத் தொகுதியையும் மாற்றிக்கொள்ளுங்கள். வாங்கும்போது உங்கள் பேட்டரியைக் கையோடு எடுத்துச் சென்று, லென்ஸ் முழுவதும் நீண்டு சுருங்குவதை அங்கேயே பார்த்துவிடுங்கள். அந்தக் கேமராவின் ஃப்ளாஷ் கெபாசிட்டரும் அப்போது நிரம்பியிருக்கும் என்பதால், வீட்டுக்கு வந்து அதைப் பிரிக்கும்போதும் ரெசிஸ்டரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.